லாஸ்லெஸ் முத்திரைக்குள் ஒரு கேசட்

குறுந்தகடுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்த அலமாரியை நான் காலி செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்பதெல்லாம் போகிற போக்கில் கேட்பவர்களுக்கானது என்று அதற்கு முன் பலரிடம் வாதாடியவன் நான். ஒலியில் எதையும் இழக்காமல் அனுப்பும் லாஸ்லெஸ் (இழப்பற்ற) சேவையை டைடல் செயலி 2014-லேயே தந்தது, அமேசான் 2019-இலும் ஆப்பிள் மியூசிக் 2021-இலும் பின்தொடர்ந்தன. ஸ்பாட்டிஃபை 2021-இல் அறிவித்துவிட்டு 2025 செப்டம்பரில்தான் கொண்டு வந்தது. ஆக, குறுந்தகட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தரத்தையோ அதற்கு மேலானதையோ ஒரு துளி இழப்பும் இல்லாமல் கைப்பேசிக்குத் தருவது இன்று சாதாரணச் சேவையாகிவிட்டது. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் என் பழைய வாதத்துக்கு இடமே இல்லை.

என் காதையும் ஒருமுறை சோதித்துக்கொண்டேன். என்னிடமிருந்த ஒரு கர்நாடகக் கச்சேரிக் குறுந்தகட்டிலிருந்து ஒரே பகுதியை இழப்பற்ற ஃப்ளாக் கோப்பாகவும் நொடிக்கு 320 கிலோபிட்டாகச் சுருக்கிய கோப்பாகவும் எடுத்து, எது எது என்று தெரியாதபடி மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும் ஃபூபார் மென்பொருளில், 20 முறை கேட்டேன். 11 முறை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டிவிட்டிருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் வந்திருக்கும். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கியபோது ஒரு முறைகூடத் தவறவில்லை. கடத்தில் விரல் விழும் கணத்துக்குச் சற்று முன்பாகவே ஒரு மெல்லிய கசிவு கேட்டது. தம்புராவின் ஜீவா எனும் ரீங்காரம், நீரில் கரைத்த வண்ணம்போலக் கலங்கியிருந்தது. ரசிகர்களின் கைதட்டல் மழைச் சத்தமாகிவிட்டது. (இப்படி ஒப்பிடுபவர்கள் இரண்டு கோப்புகளின் ஒலியளவையும் முதலில் சமப்படுத்திக்கொள்ள வேண்டும், சற்று உரக்க ஒலிப்பதையே சிறந்தது என்று காது நம்பிவிடும்.)

அதற்கு மேலுள்ள 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வகையறாவுக்கு நான் பணம் கொடுப்பதில்லை. மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ், குறுந்தகட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு (நொடிக்கு 44,100 முறை ஒலியை அளப்பது) அதில் பாதியான 22 வரை ஏந்திக்கொள்ளும். அந்த உயர்ந்த கோப்பைக் குறையாமல் கேட்க ஐபோனுக்கு வெளியே எண்களை ஒலியலையாக மாற்றும் டேக் (DAC) கருவி தனியாக ஒன்றும் கம்பியும் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வதோ புளூடூத் செவிப்பொறி. ஒலியைச் சுருக்கி அனுப்பும் அதன் அடிப்படை முறையான (கோடெக்) எஸ்பிசி வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட்டோடு நின்றுவிடுகிறது, புகழ்பெற்ற இன்னொரு கோடெக்கான எல்டேக்கின் உச்சமே 990. குறுந்தகட்டின் ஓட்டமோ நொடிக்கு 1,411 கிலோபிட். இழப்பற்ற சேவைக்குக் கூடுதல் சந்தா கட்டிவிட்டு புளூடூத்தில் கேட்பவரைப் பார்த்தால், பசும்பாலைக் காசு கொடுத்து வாங்கிப் பாதி வழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருபவர்தான் நினைவுக்கு வருகிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் கம்பியை மாட்டினால் தீர்ந்துவிடும் குறைகள். தீராத குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. லாஸ்லெஸ் என்ற முத்திரை, செயலி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட கோப்பு அப்படியே நம்மை வந்தடைகிறது என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். அந்தக் கோப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களைக் கேட்பவர்கள் இதில்தான் அடிபடுகிறோம். மூல நாடாக்கள் கிடைக்காதபோது எல்.பி. இசைத்தட்டிலிருந்தும், சில வேளைகளில் கேசட்டிலிருந்தும் எடுத்து, இரைச்சலை நீக்குவதாக நினைத்து வயலின்களின் மேல்விளிம்பையும் சேர்த்து வழித்தெறிந்து, மிச்சத்துக்குப் பாஸைக் கூட்டி விட்ட பிரதிகள் ஏராளம். எனக்கு மிகவும் பிடித்த ஒரு பாடல் செயலியில் லாஸ்லெஸ் முத்திரையோடு இருந்தும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்ததால், கணினியில் அது ஓடும்போதே ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் அலைமாலைப் படத்தைப் பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து நறுக்கியதுபோல் அதற்கு மேல் வெறும் கறுப்பு. பழைய எம்பி3 கோப்புகளில் வழக்கமாகக் காணப்படும் அடையாளம் அது. என்றோ இழப்போடு சுருக்கப்பட்ட ஒன்றை ஓர் எழுத்தும் குறையாமல் பத்திரமாக எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்!

இந்த இடத்தில் குறுந்தகட்டுக் கட்சிக்காரர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. தொண்ணூறுகளில் அவசர அவசரமாக வெளிவந்த தொகுப்புத் தகடுகளிலும் இதே போர்வை உண்டு. பாடகர் பெயரில் ஒன்று, ராகத்தின் பெயரில் ஒன்று, மழைக்காலப் பாடல்கள் என்று ஒன்று எனச் செயலியில் ஒரே பாடல் பல தொகுப்புகளில் கிடப்பதும், அவற்றில் சில வெவ்வேறு பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்டிருப்பதும் தகட்டில் கிடைக்காத வசதி. ஆகவே இப்போது பாடலின் பெயரைத் தேடி, வரும் எல்லாவற்றையும் கம்பி வழியாக அரை நிமிடம் கேட்டு, தேறுவதை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். மேலே சொன்ன அந்தப் பாடல் மூன்று தொகுப்புகளில் இருக்கிறது; அட்டைப்படம் மிகவும் அசிங்கமாக இருக்கும் மூன்றாவதில்தான் வயலின்கள் முழுதாகக் கேட்கின்றன.