மண்டபத்தில் சொல்லும் முதல் பெயர்

இலங்கையில் பிடியாணை இருக்கும் ஒருவர் மன்னார் பக்கமிருந்து படகேறி வருகிறார் என்று வையுங்கள். ஓட்டி பெரும்பாலும் கரைவரை வரமாட்டார்; தனுஷ்கோடி அருகே அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். மீட்கப்பட்டு, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலுள்ள அகதிகள் முகாமுக்கு வந்ததும் விசாரணை, அங்கே முதல் கேள்வி பெயர். பயத்தில் அண்ணன் பெயரைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. அந்தப் பெயர் காப்பாற்றாது.

அடைக்கலம் கேட்பவரின் வாதமே 'என்னைத் தேடுகிறார்கள்' என்பதுதான். வேறு பெயரில் பதிந்துவிட்டால் பிடியாணை நகல், மருத்துவச் சீட்டு, கடிதம் எல்லாம் யாரோ ஒருவருடையவை ஆகிவிடும். கைரேகை பிறகு ஒத்துப்போனால் உண்மையைச் சொன்னாலும் நம்புவது கடினம்.

சர்வதேச காவல் அமைப்பான இன்டர்போல் ஒருவரைத் தேடி வெளியிடும் சிவப்பு அறிவிப்பு கைது ஆணை அல்ல, ஒரு நாடு கேட்டு வெளியாவது. அரசியல், ராணுவ, மத, இன விவகாரங்களில் இன்டர்போல் தலையிடக் கூடாது என்கிறது அதன் சாசனத்தின் 3ஆம் பிரிவு. அதைக் காட்டி அறிவிப்பை நீக்கும்படி இன்டர்போலிடம் கோரலாம், கட்டணமில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு அடையாளச் சான்று நகல் வேண்டும். பொய்ப் பெயரில் இருப்பவர் இங்கேயே நின்றுவிடுவார்.

உங்களை ஒப்படைக்கும்படி இலங்கை கேட்டாலும், இந்தியாவின் 1962ஆம் ஆண்டு நாடு கடத்தல் சட்டப்படி (Extradition Act) மாஜிஸ்திரேட் விசாரணை உண்டு. அரசியல் தன்மையுள்ள குற்றத்துக்கு ஒப்படைக்க அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு தடை. கொலை, வெடிபொருள் குற்றங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. குற்றச்சாட்டின் வாசகத்தை வக்கீல் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

உண்மைப் பெயர் சொன்னால் வெளிநாட்டவரை அடைத்து வைக்கும் திருச்சி சிறப்பு முகாமுக்கு அனுப்பப்படலாம். அதை மறைத்து யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால் கையில் இருக்கும் பதிவுதான் பெரிய பிடி.

இதைவிட மோசமானது, புரோக்கர் மூலம் ஆதார் எடுத்து இந்திய பாஸ்போர்ட் வாங்குவது. பாஸ்போர்ட் சட்டம் 12(1ஏ) பிரிவில் வெளிநாட்டவருக்குக் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

ஏற்கெனவே பெயர் மாறியிருந்தால், பிடிபடுவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். பிறப்புச் சான்று, தேசிய அடையாள அட்டை, பள்ளிச் சான்று எது கிடைத்தாலும் சேருங்கள். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கேட்காதீர்கள். தேடும் அரசின் அலுவலகம் அது. வக்கீலுக்குக் காசில்லையென்றால் 15100 எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.