கார்ல பஸ் ஹாரன் போடணும்னு கேக்கற தம்பிங்களுக்கு

கடைக்கு வர்ற பசங்க நிறைய பேரு இப்பல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கறாங்க, "அண்ணா, ஸ்விஃப்ட்டுக்கு ஏர் ஹாரன் போட்டுத் தருவீங்களா, ரூட் பஸ் மாதிரி கேக்கணுங்ணா"ன்னு. நான் போடறதில்ல. ஏன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு பேச முடியாது, கையில வேலை இருக்கும், அதனால இங்கயே எழுதிடறேன்.

எனக்கு ஹாரன்னா ரொம்பப் பிடிக்கும்ங்க. ரூட்ஸ் ஹாரன் செய்யற கோயம்புத்தூர்ல பொறந்தவன், தட்டையா இருக்கற டிஸ்க் ஹாரனா, நத்தை ஓடு மாதிரி சுருண்ட விண்ட்டோன் ஹாரனான்னு சத்தத்த வச்சே கண்ண மூடிட்டு சொல்லிடுவேன். நல்ல கணீர்னு சத்தம் வேணும்னு ஆசப்படறதுல தப்பே இல்ல.

ஆனா போன மழைக்காலத்துல பொள்ளாச்சி ரோட்ல ஒண்ணு பாத்தேன். ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்ல போறாரு, ரெண்டு பக்கமும் பால் கேன். பின்னாடி ஒரு சின்ன கார், அதுல பஸ் ஹாரன். அடிச்சதும் அவரு திரும்பிக்கூட பாக்கல, வண்டிய அப்படியே தார் ரோட்ட விட்டு மண்ணுல எறக்கிட்டாரு, முன்சக்கரம் ஜல்லில வழுக்கி, ஒரு கால ஊணி எப்படியோ விழாம நின்னுட்டாரு, கேன் மூடி தெறிச்சு பால் கொட்டுது. கார் பாட்டுக்கு தாண்டிப் போயிடுச்சு. ரோடு நல்ல அகலம், அந்த காருக்கு அவரு ஒரு அடி கூட நகர வேண்டியதே இல்ல. அவரு காதுல விழுந்தது பஸ்ஸு, பஸ்ஸுக்கு எவ்ளோ எடம் விடணுமோ அவ்ளோ விட்டுட்டாரு.

டூவீலர்ல போறவங்க முக்கால்வாசி நேரம் காத வச்சுதான் முடிவு பண்றாங்க. பின்னாடி வர்றது ஸ்கூட்டியா, காரா, லாரியான்னு ஹாரன் சொல்லணும், அதுக்கேத்த மாதிரி ஒதுங்குவாங்க. நம்ம ஆல்டோல பஸ் ஹாரன் இருந்தா அது அவங்களுக்குப் பொய்த் தகவல் குடுக்குது. சத்தம் எவ்ளோங்கறதெல்லாம் அப்புறம்தான்.

அமெரிக்காவுல இது இன்னும் ஒருபடி மேல, ரயில் ஹாரனையே பிக்கப் டிரக்ல மாட்டறாங்க. கம்ப்ரசர், ஏர் டேங்க், 150 பிஎஸ்ஐ வரைக்கும் காத்து, எல்லாம் சேர்த்து கிட்டாவே விக்குது. அந்த ரயில் ஹாரன் எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா மனசு கஷ்டமா இருக்கும். கனடாவுல நீராவி இன்ஜின் போய் டீசல் இன்ஜின் வந்த சமயம், அதுல இருந்த ஒத்தை சுர ஹாரன் லாரி ஹாரன் மாதிரியே கேட்டுச்சு, கிராசிங்ல இருக்கறவங்க வர்றது லாரின்னு நெனச்சுட்டாங்க. ராபர்ட் ஸ்வான்சன்னு ஒருத்தர் 1940கள் கடைசில பல சுரம் சேர்ந்து ஒலிக்கற ஹாரன உருவாக்குனாரு, கேட்ட உடனே ரயில்னு தெரியணும்னு. இப்ப வித்துட்டிருக்கற கேஃபைவ்எல்ஏ ஹாரனும் அந்த வழில வந்ததுதான், அஞ்சு குழல், அஞ்சு சுரம். அங்க நிஜ ரயிலுக்கே 100 அடி தள்ளி வச்சு அளந்தா 96லேர்ந்து 110 டெசிபலுக்குள்ள இருக்கணும்னு கணக்கு உண்டு. அத்தன டன் எடை வருது, உடனே நிக்காதுன்னு சொல்றதுக்காகப் பண்ண சத்தம் அது, அத சிக்னல்ல நிக்கறவங்க பின்னாடி போய் அடிச்சு வீடியோ எடுக்கறாங்க.

நம்ம ஊர்ல பஸ்ஸுக்கு பிரேக்குக்காக ஏற்கனவே காத்து டேங்க் இருக்கும், அதுலேர்ந்து ஒரு லைன் இழுத்தா ஹாரன் ஊதும். கார்ல காத்து ஏது, அதனால குட்டி எலக்ட்ரிக் கம்ப்ரசர், பிளாஸ்டிக் குழல். கரண்ட்ட நல்லா இழுக்கும், அத கம்பெனி ஒயர்லயே ஜாயின்ட் போட்டு விட்டா ஒயர் சூடாகும்.

சட்டமும் தெளிவாவே இருக்கு. 1989 மத்திய மோட்டார் வாகன விதி 119, பல டோன்ல மாறி மாறி ஒலிக்கற ஹாரனும் கூடாது, காதக் கிழிக்கற, ஆள மிரட்டற சத்தமும் கூடாதுங்குது. சத்த விதிய மீறுனா மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)ல 10,000 ரூபா வரைக்கும் அபராதம், லைசென்ஸ் மூணு மாசம் போகலாம். தேவையில்லாம ஹாரன் அடிச்சா அதே சட்டத்துல 194எஃப்ல 1000 ரூபா, அடுத்த தடவ 2000.

சரி, சத்தம் பத்தலைன்னா என்ன பண்றது? மொதல்ல இருக்கற ஹாரன பாருங்க. மல்டிமீட்டர ஹாரன் டெர்மினல்ல வச்சு, ஒருத்தர ஹாரன் அழுத்தச் சொல்லுங்க. பேட்டரில 12.5 இருந்து ஹாரன்கிட்ட 10 வோல்ட்தான் வருதுன்னா ஹாரன் நல்லாத்தான் இருக்கு, ஒயரும் எர்த்தும்தான் கோளாறு. எர்த் போல்ட்ட கழட்டி துரு சொரண்டி மாட்டுனாலே பல வண்டில சத்தம் திரும்பிடும். அப்பவும் பத்தலைன்னா ஹை டோன் லோ டோன் ஜோடியா விண்ட்டோன் வாங்குங்க, கார் மாதிரியே கேக்கும், தூரத்துக்கும் கேக்கும்.

மாட்டும்போது ரிலே கட்டாயம் வைங்க, சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட ஆன் பண்ற சுவிட்ச் அது. ரிலே கால்ல நம்பர் போட்டிருக்கும், 85, 86ல பழைய ஹாரன் ஒயர், 30ல பேட்டரிலேர்ந்து ஃப்யூஸ் போட்ட லைன், 87லேர்ந்து ரெண்டு ஹாரனுக்கும். கம்பெனி ஒயர வெட்டாதீங்க, வாரன்ட்டி பிரச்சன வரும், வெட்டாம சொருகற கப்ளர் கெடைக்குது. ஹாரனோட வந்த ஸ்டீல் பட்டையிலயே மாட்டுங்க, ஹாரன் பாடி வேற எங்கயும் முட்டக்கூடாது, முட்டுனா சத்தம் செத்துடும். வாய் கீழ பாத்து இருக்கணும், மேல பாத்து வச்சா மொத மழையிலயே தண்ணி எறங்கி கொரகொரன்னு ஆயிடும்.