ஸ்டெதஸ்கோப்போட சேத்து சாவிக்கொத்தையும் குடுத்துடுதாங்க

அஞ்சரை வருஷ எம்பிபிஎஸ்ல ஒரு மருந்து இண்டெண்ட், அதான் மருந்து கேட்டு எழுதுத பட்டியல், எப்படி போடணும்னு எந்த புரொபசரும் சொல்லித் தரமாட்டாங்க, எக்ஸாம்ல வராதுங்கதுனால பிள்ளைகளும் கேக்கமாட்டாங்க. அப்புறம் அரசு டாக்டர் வேலைக்கு எம்ஆர்பி பரீட்சை எழுதி, கவுன்சிலிங்ல நம்ம திருநெல்வேலி மாவட்டத்துல களக்காடு பக்கமோ மானூர் பக்கமோ ஒரு பிஹெச்சி, அதான் ஆரம்ப சுகாதார நிலையம், கெடச்சு, ஜாயினிங் ரிப்போர்ட் குடுத்த கையோட "டாக்டர், இதுல ஒரு கையெழுத்து"ன்னு ஒரு அடுக்கு ரெஜிஸ்டர் மேசைக்கு வரும் பாருங்க, அப்பதான் ஒறைக்கும், வைத்தியம் பாக்க வந்த நம்ம கையில ஒரு ஆஸ்பத்திரியவே குடுத்துட்டாங்கன்னு.

சமவெளியில ஒரு பிஹெச்சிக்கு 30,000 ஜனம்னு கணக்கு, மலைப்பகுதின்னா 20,000. அதுக்குக் கீழ 5,000 பேருக்கு ஒண்ணுன்னு சப் சென்டர். ஸ்டாஃப் நர்ஸ், ஃபார்மசிஸ்ட், லேப் டெக்னீசியன், விஹெச்என்ங்கற கிராம சுகாதார செவிலியர், ஹெல்த் இன்ஸ்பெக்டர், தூய்மைப் பணியாளர், டிரைவர்னு ஒரு கூட்டமே இருக்கும். இதுல முக்காவாசிப் பேரு புது டாக்டரோட அம்மா அப்பா வயசு. அவங்களுக்கு லீவு குடுக்கதும் மெமோ குடுக்கதும் 25 வயசுப் பிள்ளை. சிசேரியனுக்கு அசிஸ்ட் பண்ணச் சொன்னா தைரியமா நிக்கிற பிள்ளைங்க, "சிஸ்டர், நீங்க ஏன் நைட் ட்யூட்டிக்கு லேட்டா வந்தீங்க"ன்னு கேக்கச் சொன்னா தொண்டை அடச்சுப்போய் நிக்கும், நான் பாத்திருக்கேன்.

ஒரு டீம நடத்துத வித்தை பாடத்திட்டத்துல இல்லவே இல்லைன்னு சொல்லமுடியாது. 2019ல வந்த புதுப் பாடத்திட்டத்துல ஒரு டாக்டருக்கு அஞ்சு ரோல் போட்டிருக்காங்க, அதுல கிளினிசியனுக்கு அடுத்தபடியா இருக்கதே 'டீமோட லீடர், டீம்ல ஒரு ஆள்'ங்கதுதான். காகிதத்துல அழகா இருக்கு. வார்டுல அத யாரு சொல்லிக்குடுக்கா, எப்படி மார்க் போடுதாங்கன்னு கேட்டா, சிரிப்பாங்க.

ஒரு சின்ன விஷயம் சொல்லுதேன். தடுப்பூசி வைக்கிற ஐஎல்ஆர் பெட்டி எத்தன டிகிரில இருக்கணும்னு எந்த ஹவுஸ் சர்ஜன எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்துலயே 2ல இருந்து 8ன்னு சொல்லிடும். காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ தெர்மாமீட்டர பாத்து எழுதணும், லீவு நாளா இருந்தாலும். மேற்குப் பக்கம் ஒரு பிஹெச்சி, பேரு வேண்டாம், அங்கன புதுசா சேந்த ஒரு பையன பாக்கப் போயிருந்தேன். சுவத்துல ஒட்டியிருந்த சார்ட்ல மாசம் பூரா 4, 4, 4, 4ன்னு ஒரே நேர்கோடு, அடியில அவன் கையெழுத்து. நல்லா மெயின்டெய்ன் பண்ணுதாங்க மேடம்னு சந்தோசமா வேற சொன்னான். அந்த மாசம் பூரா அந்தப் பக்கம் கரண்டு போயி போயி வந்துச்சு, நெசமாவே பாத்து எழுதியிருந்தா ஒரு நாளாவது 5ன்னோ 7ன்னோ வராமலா இருக்கும்? ஒரே பேனாவுல, ஒரே சாய்வுல எழுதின எழுத்து, ஒரே உக்காருல போட்டதுன்னு பாத்த ஒடனே தெரியுது. சூடு ஏறினா மருந்துக்குப்பி மேல இருக்க, நிறம் மாறுத விவிஎம் லேபிள் காட்டிக்குடுத்துடும், ஆனா 2க்கு கீழ போயி பென்டாவேலன்ட் தடுப்பூசி உறைஞ்சு போச்சுன்னா அந்த லேபிள் ஒண்ணும் சொல்லாது, நம்ம பாட்டுக்கு கொழந்தைக்கு போட்டுட்டு இருப்போம்.

இப்ப அவன் என்ன செய்யணும்? எழுதுன அக்காவ எல்லார் முன்னாடியும் கூப்புட்டு சத்தம் போடலாம், அடுத்த மாசத்துல இருந்து 4, 5, 4, 6ன்னு மாத்தி மாத்தி எழுதிடுவாங்க, அவ்ளோதான். மேல ரிப்போர்ட் அடிச்சா அந்த அக்கா அதுக்கப்புறம் எதையுமே அவன்கிட்ட சொல்லமாட்டாங்க. அவன் மறுநாள் காலைல எட்டு மணிக்கே வந்து, "அக்கா வாங்க, சேந்து பாப்போம்"னு பெட்டிய தொறந்து தெர்மாமீட்டர பாத்தான், அது ஓடவே இல்ல. பேட்டரி தீந்து எத்தனையோ நாளாச்சாம், கேட்டா வாங்கிக்குடுப்பாங்களோ திட்டுவாங்களோன்னு அந்த அக்கா சொல்லாமலே இருந்திருக்காங்க. முந்தி இருந்த டாக்டர் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவாராம். அன்னைக்கே புது தெர்மாமீட்டருக்கு ஏற்பாடு பண்ணிட்டு, பெட்டியில இருந்த உறையக்கூடாத மருந்த எல்லாம், உறைஞ்சிருக்கான்னு குலுக்கிப் பாக்குத ஷேக் டெஸ்ட் பண்ணி பாத்தாங்க. லீடர்ஷிப்னு பெரிய வார்த்தையில சொல்லுதது இந்த எட்டு மணி சமாச்சாரத்தத்தான், என்னப் பொறுத்தவரைக்கும்.

ஆனா நமக்கு லீடர்ஷிப் டிரெய்னிங்னா என்ன நடக்கும்? ஏசி ஹால், ஒரு நாள், பிபிடி. பலூன் ஊதி ஒடைக்கிற டீம் பில்டிங் கேம் ஒண்ணு. எங்கயோ கார்ப்பரேட் கம்பெனிக்குப் போட்ட அதே ஸ்லைடு, "விஷன், மிஷன்"னு. மத்தியானம் பிரிஞ்சி, சாயங்காலம் சர்டிபிகேட். வெளிய வந்ததும் மெமோவுக்கும் சார்ஜ் மெமோவுக்கும் வித்தியாசம் தெரியுமான்னு கேளுங்க, தெரியாது. நோயாளர் நலச் சங்கக் கணக்குல இருந்து ஒரு தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ணணும்னா கொட்டேஷன் எப்படி வாங்கணும், தீர்மானம் எங்க எழுதணும்னு கேளுங்க, அதுவும் தெரியாது. அதனால மோட்டார் ரிப்பேராவே கெடக்கும், பிரசவ வார்டுல தண்ணி வராது, சொந்தக்காசப் போட்டு சரிபண்ணுத டாக்டருங்களும் உண்டு, பாவம்.

ஃபார்மசிஸ்ட் பக்கத்துல ஒரு வாரம் உக்காந்தா போதும், பாதி நிர்வாகம் படிச்சிடலாம்னு நான் எல்லார்ட்டயும் சொல்லுவேன். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக்குடுக்குத நம்ம ஊர் டிஎன்எம்எஸ்சி 1994ல ஆரம்பிச்சது, இன்னைக்கு வேற மாநிலத்துக்காரங்க வந்து பாத்துட்டுப் போற ஏற்பாடு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக், வருஷத்துக்கு இவ்வளவு ரூவாய்க்கு மருந்து எடுக்கலாம்னு அதுல வரவு வச்சிருப்பாங்க, மாவட்ட குடோன்ல எடுக்க எடுக்க கழிஞ்சிட்டே வரும். அந்த பாஸ்புக்க நிதானமா வாசிச்சா உங்க ஊரு நோயே அதுல தெரியும். சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் எம்புட்டு போகுது, ஓஆர்எஸ் எந்த மாசம் கூடுது, நாய்க்கடி ஊசி ஏன் திடீர்னு ரெட்டிப்பாச்சு, எல்லாம். எங்க அண்ணாச்சி ஒருத்தரு, ரிட்டயர் ஆகப்போற ஃபார்மசிஸ்ட், "டாக்டரம்மா, எக்ஸ்பைரி தேதி முன்னால இருக்கத முன்னால அடுக்கணும், புது பெட்டிய முன்னால வச்சா பழசு பின்னாலயே கெடந்து செத்துரும்"னு சொல்லிக்கிட்டே அலமாரில கைய விட்டு பின்னால இருந்து ஒரு பெட்டிய உருவுவாரு, அதுல இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கும். எந்த மேனேஜ்மென்ட் புரொபசரும் அம்புட்டு தெளிவா எனக்கு சொன்னதில்ல.

இதுல தமிழ்நாட்டுக்குன்னு ஒரு விசேஷம் இருக்கு, அதயும் சொல்லிடுதேன். நம்மகிட்ட பொது சுகாதாரத்துக்குன்னு தனித்துறை 1922ல இருந்து இருக்கு, 1939லயே தனிச்சட்டமும் வந்துடுச்சு. நம்ம மாவட்டத்துலயே பாருங்க, பிஹெச்சி எல்லாம் ஒரு இயக்குநரகம், அம்பாசமுத்திரம் ஜிஹெச் இன்னொரு இயக்குநரகம், 1965ல இருந்து இருக்க நம்ம ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் மூணாவது. பொது சுகாதாரப் பக்கம் அதிகாரியா போறவங்க அதுக்குன்னு தனியா படிக்கணும்ங்கிற வழக்கம் உண்டு, அதனாலதான் நம்ம தடுப்பூசியும் பிரசவமும் மத்த எடத்த விட நல்லா நடக்குன்னு நான் நம்புதேன். மத்த ரெண்டு பக்கமும் பெரும்பாலும் சீனியாரிட்டிதான். 25 வருஷம் அருமையா ஆபரேஷன் பண்ணின ஒரு சர்ஜன, ஒரு நல்ல நாள்ல தூக்கி ஃபைலுக்கு முன்னால உக்கார வச்சிடுதாங்க, தியேட்டரும் ஒரு நல்ல சர்ஜன இழந்துடுது, ஃபைலும் நகர மாட்டேங்குது. அவரையும் குத்தம் சொல்லமுடியாது, அவருக்கு யாரு சொல்லிக்குடுத்தா?

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்த இங்கன யாரும் மறக்கமாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர், இங்க தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளயே வந்துடுச்சு. ஆத்தங்கரை ஓரமா ஒரு பிஹெச்சில சேந்து கொஞ்ச மாசமே ஆன ஒரு பொண்ணு, கரண்டு இல்ல, போன் டவர் விட்டு விட்டு எடுக்கு. அவ ஓபியத் தொறந்து வச்சிட்டு உக்காரல, முத வேலையா விஹெச்என் அக்காவக் கூப்புட்டு, "அடுத்த ரெண்டு வாரத்துல யாரு யாருக்கு பிரசவ தேதி இருக்கு, எந்தத் தெரு"ன்னு நோட்ட எடுக்கச் சொன்னா. அக்காவுக்கு நோட்டே வேண்டாம், வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சாங்க. அதுல யாரு வீடு தண்ணிக்கு அந்தப் பக்கம்னு கோடு போட்டு, பஞ்சாயத்து தலைவருக்கு ஆளு விட்டு டிராக்டர் வாங்கி, அந்தப் புள்ளைங்கள மேட்டுப்பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டுட்டுதான் மத்த வேலையப் பாத்தா. தண்ணி வடிஞ்ச பிறகு ஹெல்த் இன்ஸ்பெக்டரோட சேந்து தெருத்தெருவா கடைசிக் குழாயில குளோரின் 0.2 பிபிஎம்மாவது வருதான்னு சோதிச்சிட்டு திரிஞ்சா. இதுல அவ கையால செஞ்ச வைத்தியம்னு பாத்தா ரொம்பக் கம்மி. நம்ம ஊர் கல்யாண வீட்ல தவசிப்பிள்ளை, அதான் தலைமைச் சமையல்காரரு, கரண்டியத் தொடவே மாட்டாரு, ஆனா சொதிக்கு தேங்காயோட தலைப்பால் எப்ப ஊத்தணும்னு அவரு கண்ணசைச்சாத்தான் நடக்கும், அந்த மாதிரி. அவளுக்கு இது எப்படி வந்துச்சுன்னா, சேந்த புதுசுல ஒரு நல்ல பிஎம்ஓகிட்ட, அதான் வட்டார மருத்துவ அலுவலர்கிட்ட, மூணு மாசம் கூடவே சுத்தியிருக்கா. அதான் விஷயமே.

இங்கிலாந்துல பயிற்சியில இருக்க இளம் டாக்டருங்க விருப்பப்பட்டா ஒரு வருஷம் வார்ட விட்டு வந்து, பெரிய சுகாதார அமைப்புகளோட தலைமையில இருக்கவங்க பக்கத்துலயே உக்காந்து வேல பாக்குத மாதிரி ஃபெலோஷிப் வச்சிருக்காங்க. இங்கயே மதுரையில 1976ல 11 படுக்கையோட தொடங்கின அரவிந்த், ஆஸ்பத்திரிய எப்படி நடத்தணும்னு மத்தவங்களுக்கு சொல்லிக்குடுக்கதுக்குன்னே லைகோன்னு ஒரு நிறுவனம் 1992ல இருந்து நடத்துதாங்க. நம்ம பிஜி, அதான் மேல்படிப்பு படிக்கிற, பிள்ளைங்களுக்கும் இப்ப மூணு மாசம் மாவட்ட ஆஸ்பத்திரியில இருக்கணும்னு டிஆர்பிங்கற திட்டம் வந்திருக்கு. நல்ல வாய்ப்பு, ஆனா அந்த மூணு மாசத்தயும் ஓபில ஆள் கொறைக்கு நிக்க வச்சே ஓட்டிடுதாங்க. ஒரு வாரம் ஸ்டோர்ல, ஒரு வாரம் ஆபீஸ்ல, ஒரு தாய்மரண ஆய்வுக் கூட்டத்துல பின்னால ஒரு நாற்காலின்னு போட்டா என்னவாம்?

எங்க பிளாக்ல யாருகிட்டயும் கேக்காம நாங்களே ஒண்ணு செஞ்சிட்டு இருக்கோம். புதுசா வாற டாக்டரு முத மாசம் செவ்வாக்கெழம கர்ப்பிணி கிளினிக்கும் புதன்கெழம தடுப்பூசியும் கூட இருந்து பாக்கணும், வியாழன் மத்தியானம் ஃபார்மசிஸ்ட் பக்கத்துல, வெள்ளி மத்தியானம் கிளார்க் பக்கத்துல. சில பேரு மூஞ்சியச் சுளிப்பாங்க, "நீட் பிஜிக்கு படிக்கணும் மேடம்"னு சொல்லுவாங்க, அதுவும் நியாயம்தான், சீட்டு கெடச்சா போயிடத்தான் போறாங்க. ஆனா எந்த ஸ்பெஷலிஸ்டா திரும்பி வந்தாலும் ஒரு யூனிட், ஒரு தியேட்டர், நாலு நர்ஸுன்னு எவனாவது அவங்க தலையில கட்டத்தான் செய்வான்.

அடுத்த தடவ டிஎச்ஓ, அதான் மாவட்ட சுகாதார அலுவலர், ஆபீஸ்ல புது டாக்டருங்களுக்கு இண்டக்ஷன் டிரெய்னிங் போடும்போது, ஒரு செஷன எங்க கிளார்க் அண்ணாச்சிய எடுக்கச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கேன். பில்லு ஏன் டிரெஷரில இருந்து திரும்பி வருதுங்கத அவர விட நல்லா சொல்ல நம்ம மாவட்டத்துல ஆளு கெடையாது. ஐடியா நல்லாத்தான் இருக்கு டாக்டர், ஆனா கிளார்க்குக்கு வகுப்பெடுத்ததுக்கான ரிசோர்ஸ் பர்சன் பணம் எந்தக் கணக்கு ஹெட்ல போடுததுன்னு கேட்டு ஃபைல திருப்பி விட்டிருக்காங்க. அதுக்குப் பதில் எழுதவும் அவரத்தான் கூப்புட்டிருக்கேன்.