கச்சான் வரும் வழி

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பில் வளர்ந்தவர்களுக்குக் கச்சான் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வறுத்துத் தின்கிற கச்சானை, நிலக்கடலையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் காலையிலேயே வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கமிருந்து தண்ணீரைத் தாண்டிச் சூடாக வீசத் தொடங்கும், உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சாரம் கொஞ்ச நேரத்திலேயே காய்ந்து விறைத்துவிடும், அம்மம்மா மேற்குப் பக்க யன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு "கச்சான் அடிக்குது மனே, வெளியில போகாத" என்பார். இவ்வளவு தண்ணீரைத் தாண்டி வருகிற காற்றில் துளி ஈரமும் இல்லையே என்பது சின்ன வயதில் எனக்குத் தீராத கேள்வி.

பதிலைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆனால் கண்ணால் பார்த்தது, பெரியவனான பிறகு ஒரு ஜூலையில் கண்டியிலிருந்து பதுளைக்கு ரயிலில் போனபோதுதான். ஹட்டனில் விடாத மழை. யன்னலைத் திறந்தால் சட்டைக் கை நனைகிறது, மூடினால் ஒன்றும் தெரியவில்லை. நானுஓயா தாண்டி, பட்டிப்பொலவில் (நாட்டின் ஆக உயரமான ரயில் நிலையம், கிட்டத்தட்ட 1,900 மீற்றர்) மேடையே தெரியாத அளவுக்குப் புகார், மூடுபனி. அதற்கப்புறம் ஒரு சுரங்கம். எதிரில் இருந்த ஐயா அந்த வழியில் அடிக்கடி போகிறவர் போல, இருட்டுக்குள்ளேயே "தம்பி, இனி யன்னலத் திறக்கலாம்" என்றார். திறந்தேன். வெளியே வந்தால் வெயில்! சரிவெல்லாம் பழுத்துக் கிடந்த புல், கீழே தூரம் வரைக்கும் தெளிந்த வானம்.

நடந்தது இவ்வளவுதான். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று கடல் ஈரத்தோடு வந்து மத்திய மலைநாட்டில் மோதுகிறது, மேலேறிக் குளிர்ந்து, வைத்திருந்த ஈரத்தை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. ஹட்டனுக்குப் பக்கத்து வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. முகடு தாண்டியதும் அதே காற்று கீழிறங்க வேண்டும், இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும், கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட 10 பாகை. ஏறும்போது மழையாகிய நீராவி விட்ட வெப்பமும் அதனோடு சேர்ந்திருப்பதால், ஏறுவதற்கு முன் இருந்ததை விடச் சூடாகத்தான் எங்கள் கரைக்கு வந்து சேர்கிறது. வழியில், பதுளை இருக்கிற ஊவா மாகாணத்தின் தேயிலைக் கொழுந்தை வாட்டி அதற்கொரு தனி மணத்தையும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது, ஊவாத் தேயிலைக்குப் பேர்போன பருவமே ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைதான்.

மார்கழி, தையில் எல்லாம் தலைகீழ். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றில் எங்கள் பக்கம் வெள்ளம், வயல் முழுக்கப் பெரும்போகப் பச்சை, அந்த நேரம் ஹட்டன் பக்கத்தில் வெயில். மொத்தம் 65,610 சதுர கிலோமீற்றர் நாடு, ஒரு பகல் பயணத்தில் இரண்டு பருவத்தையும் பார்த்துவிடலாம், உலகத்தில் எனக்கு இதைவிட ஆச்சரியமான நிலம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்குச் சரிவில் கொட்டுகிற மழை முழுக்க மேற்குக் கடலுக்குப் போய்விடுவதில்லை. ஹட்டன் பக்கத்து ஓடைகள் பல மகாவலியில் சேருகின்றன, அது கண்டியைச் சுற்றிக் கிழக்கே திரும்பி, 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதன் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. வெருகல் முருகன் கோயிலுக்கு அம்மம்மா எங்களைக் கூட்டிப் போவார், ஆற்றில் இறங்கிக் குளிப்போம், தண்ணீர் மார்பளவில் சில்லென்று இருக்கும், தலைக்கு மேலே கச்சான் அடித்துக்கொண்டிருக்கும்.