எங்கள் வக்கீலே என்னை மடக்கிய கதை

போன மழைக்காலத்தில் ரங்கூன் கோர்ட் ஒன்றில் சாட்சிக் கூண்டு ஏறினேன். மச்சான் போட்ட கடன் வழக்கு. அவர் தரப்புச் சாட்சி நான். வராந்தாவில் வக்கீல், "ஊலே (மாமா), பயப்படாமல் பேசுங்கள்" என்று டீ வாங்கிக் கொடுத்தார். கால்மணி நேரத்தில் நான் ஊலே இல்லை, வெறும் "சாட்சி".

அவர் ஆபீசில் டைப் செய்திருந்த தாளில், "50 லட்சம் கியாட் எண்ணிக் கொடுத்ததைப் பார்த்தேன்" என்று இருந்திருக்கிறது. பர்மா பாஷையில் பேசுவேன், வாசிப்பு கொஞ்சம் மட்டு. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்புதான். கூண்டில் கேட்டதும் பார்த்ததைச் சொன்னேன்: பழைய பேப்பரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட, செங்கல் அளவு பொட்டலம் ஒன்று கல்லாப்பெட்டிக்கு மேலே கைமாறியது. உள்ளே என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது? தெரியாது.

வக்கீல் முகம் மாறியது. நீதிபதியிடம் ஏதோ 154 என்றார். அப்புறம் அந்தத் தாளை என் முன்னால் நீட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே? எண்ணியதைப் பார்த்தீர்கள், அப்படித்தானே?" என்று விடாமல் கேட்டார். கூட்டி வந்தவரே குறுக்கு விசாரணை செய்கிறாரே என்று எனக்கு வியர்த்துவிட்டது.

மதுரையில் வக்கீலாக இருக்கும் தங்கை மகனிடம் அன்று ராத்திரி போனில் புலம்பினேன். "மாமா, நம் சாட்சியிடம் நாமே பதிலை வாயில் ஊட்டும் கேள்வி கேட்டால் எதிர்க்கட்சி ஆட்சேபிக்கும். எதிரிச் சாட்சியைத்தான் அப்படி மடக்கலாம். நம் சாட்சி மாற்றிச் சொன்னால் நீதிபதியிடம் அனுமதி கேட்கலாம், கொடுப்பதும் மறுப்பதும் அவர் இஷ்டம்" என்றான். 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டம், பிரிவு 154. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தும் அந்தச் சட்டம் இங்கேயே தங்கிவிட்டது. அங்கேதான் 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம், அதில் இது பிரிவு 157. எண்தான் மாறியிருக்கிறது.

ஊர்ப் பேப்பரில் என் மாதிரி ஆளைப் "பிறழ் சாட்சி" என்று போடுவார்கள். கேட்டால் காசு வாங்கிய மாதிரி இருக்கிறது! சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாதாம். மடக்கிவிட்டார்கள் என்பதற்காக நான் சொன்னது முழுவதும் குப்பைக்குப் போய்விடாது, நம்பத் தகுந்ததை நீதிபதி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.

இதை மச்சானுக்கு யார் சொல்வது? தீபாவளிக்குப் பலகாரம் வந்தது, அவர் வரவில்லை.