சாஃப்ட்வேர் இன்டர்வியூ: உங்களைப் பற்றி எழுதப்படும் குறிப்பு

உங்களிடம் கேள்வி கேட்டவர் மட்டுமே உங்களை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது குறைவு. ரவுண்ட் முடிந்ததும் அவர் ஒரு குறிப்பு எழுதுகிறார். என்ன கேள்வி, எங்கே திணறினார், எவ்வளவு உதவி தேவைப்பட்டது, கோட் சரியாக வந்ததா, எடுக்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். பல நிறுவனங்களில் எல்லா ரவுண்டின் குறிப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். அப்படிப் படிப்பவர்களில் சிலர் உங்களைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். உங்கள் மனதில் எவ்வளவு நல்ல யோசனை ஓடியிருந்தாலும், வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அந்தக் குறிப்பில் ஏறாது. தயாராகும் பலர் இதை யோசிப்பதே இல்லை.

வழக்கமான வரிசை இதுதான்: ரெக்ரூட்டருடன் (நிறுவனத்துக்கு ஆள் தேடுபவர்) 20–30 நிமிடப் பேச்சு, 60–90 நிமிட ஆன்லைன் டெஸ்ட், ஒரு கோடிங் ரவுண்ட், கடைசியாக நான்கைந்து ரவுண்டுகள். அந்தக் கடைசிக் கட்டம் சில இடங்களில் ஒரே நாளில் முடிந்துவிடும். டெஸ்டில், கோட் சரியா என்று சோதிக்கும் உள்ளீடுகளில் (டெஸ்ட் கேஸ்) மறைத்து வைத்தவையும் இருக்கும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் மூன்று பாஸ் ஆகிவிட்டதே என்று சமர்ப்பித்துவிட வேண்டாம்.

கோடிங் ரவுண்ட் 45 நிமிடம் என்றால், அறிமுகமும் கடைசியில் உங்கள் கேள்விகளும் போக, கையில் நிற்பது 35 நிமிடம். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: மீட்டிங் நேரங்களின் பட்டியல் தருகிறார்கள், ஒன்றோடொன்று மோதும் நேரங்களை இணைத்துத் தர வேண்டும். உதாரணத்துக்கு [1, 3], [2, 6] கொடுத்தால் [1, 6] வர வேண்டும்.

பார்த்தவுடன் டைப் செய்யத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முதலில் கேளுங்கள். பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டதா? காலியாக இருக்கலாமா? [1, 3], [3, 5] என்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் இணைக்க வேண்டுமா? எத்தனை மீட்டிங் வரை வரும்? கடைசிக் கேள்விதான் வழியைத் தீர்மானிக்கிறது. ஒரு லட்சம் என்றால், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 1,000 கோடி ஒப்பீடு. ஒரு ஜோடியை ஒரே முறை பார்த்தாலும் 500 கோடி, அது மிக மெதுவான வழி. தொடக்க நேரப்படி வரிசைப்படுத்த ஏறக்குறைய 17 லட்சம் ஒப்பீடு போதும், பிறகு ஒரே ஓட்டத்தில் இணைத்துவிடலாம். இந்தக் கணக்கை உரக்கச் சொல்லிவிட்டு, "இப்படிப் போகலாமா?" என்று கேட்ட பிறகு கோடைத் தொடுங்கள்.

கோடில் வழுக்குமிடம் இரண்டு. [1, 10], [2, 3] வந்தால் பலருடைய கோட் [1, 3] என்று விடை தருகிறது. இணைக்கும்போது இரண்டு முடிவு நேரங்களில் பெரியதை எடுக்காமல், அடுத்ததன் முடிவை அப்படியே போட்டுவிடுவதுதான் காரணம். கொடுத்த உதாரணத்தில் இது வெளியே தெரியாது, [1, 6] சரியாகவே வரும். இரண்டாவது, மோதல் இல்லாதபோது மட்டும் விடைப்பட்டியலில் சேர்க்கும் விதமாக எழுதினால், லூப் முடிந்ததும் கையில் நிற்கும் கடைசி நேரத்தைச் சேர்க்க மறந்துவிடுவது. ஆகவே கொடுத்த உதாரணத்தோடு நிற்காமல், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் உதாரணம் ஒன்றை நீங்களே எழுதி, வரி வரியாக மாறிகளின் மதிப்பைச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். பிழையை நீங்களே பிடித்தால் குறிப்பில் அது பலமாக ஏறும். "ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று எதிரில் இருப்பவர் சொன்னால், அநேகமாக அங்கே பிழை இருக்கிறது.

சிக்கிக்கொண்டால் பத்து நிமிடம் மௌனமாக உட்கார்ந்திருக்காதீர்கள். இதுவரை எது புரிந்தது, எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று சொல்லுங்கள். அவரிடம் உதவி வாங்கினால் கொஞ்சம் மதிப்பு குறையலாம், ஆனால் பாதி காலிப் பக்கத்தைக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தனியாக உட்கார்ந்தால் போடும் கணக்கு அங்கே வராமல் போவதால் திறமையே இல்லை என்று ஆகிவிடாது. வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 48 பேர் பங்கேற்றனர். பாதிப் பேர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க விளக்கிக்கொண்டே எழுதினார்கள், மற்றவர்கள் தனி அறையில் எழுதினார்கள். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போனது. இன்டர்வியூ நடத்துபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதப் போகிறவர்கள் செய்யக்கூடியது, ஒரு நண்பரை எதிரில் உட்காரவைத்து, கடிகாரத்தை ஓடவிட்டு, பேசிக்கொண்டே போட்டுப் பழகுவது. தனியாக 200 கணக்கு போட்டாலும் இந்தப் பழக்கம் வராது.

ஒரு பெரிய சேவையை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்கும் சிஸ்டம் டிசைன் ரவுண்டில், எடுத்தவுடன் லோட் பேலன்சர், காஃப்கா, ரெடிஸ் என்று தெரிந்த கருவிகளின் பெயரில் பெட்டிகளை வரையத் தொடங்கினால் ஒவ்வொன்றுக்கும் "ஏன்?" வரும். எண்ணிலிருந்து தொடங்குங்கள். லிங்க் சுருக்கும் சேவை என்றால், ஒரு நாளைக்கு 10 லட்சம் புதிய லிங்க், 10 கோடி கிளிக் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி, ஆக விநாடிக்குச் சராசரி 1,160 கிளிக்கும் 12 புதிய லிங்க்கும். ஆங்கிலச் சிறிய, பெரிய எழுத்துகளும் இலக்கங்களும் சேர்த்து 62 குறிகள். சுருக்கிய லிங்கின் குறியீட்டுக்கு ஆறு இடம் விட்டால் சுமார் 5,680 கோடி லிங்க் கிடைக்கும். ஆண்டுக்கு 36.5 கோடிதான் செலவாகும், 150 ஆண்டுக்கு மேல் தாங்கும். எழுதுவதைவிடப் படிப்பது நூறு மடங்கு என்று தெரிந்துவிட்டதால், அடிக்கடி படிப்பதை வேகமாக எடுக்கத் தனியே வைக்கும் கேஷ் (cache) ஏன் வேண்டும் என்பதற்குக் காரணமும் கையில் இருக்கிறது.

பழைய வேலையைப் பற்றிக் கேட்கும் ரவுண்டில் எல்லாவற்றையும் "டீம் செய்தது" என்றே சொல்பவர்கள் நிறைய. அடக்கம் நல்லதுதான், ஆனால் எதிரில் இருப்பவரால் உங்கள் பங்கு என்ன என்று எழுத முடியாது. நீங்கள் எடுத்த முடிவு, வேண்டாம் என்று விட்ட மாற்று வழி, முன்னும் பின்னும் அளந்த எண் ஆகியவற்றோடு மூன்று சம்பவங்களைத் தயாராக வைத்திருங்கள்.

நிராகரிப்பு மின்னஞ்சலில் காரணம் பெரும்பாலும் இருக்காது, வழக்கு வந்துவிடுமோ என்று பல நிறுவனங்கள் விவரம் தருவதில்லை. "ஏன் எடுக்கவில்லை?" என்று ரெக்ரூட்டரிடம் கேட்டால் பதில் வராது. "கோடிங்கில் பின்தங்கினேனா, டிசைனிலா? மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், இதற்குப் பதில் சொல்பவர்கள் உண்டு. இடைவெளி பல இடங்களில் 6 முதல் 12 மாதம் வரை இருக்கும்.