தகட்டின் தேதியை நம்பியதால் நான் திரும்பப் பெற்ற 43 பதிவுகள்

சென்ற மாதம், நானே எழுதிச் சரிபார்த்துப் பொதுப்பார்வைக்கு அனுப்பியிருந்த 43 பதிவுகளை நானே திரும்பப் பெற்றேன். ஐந்து மாத உழைப்பில் பெரும்பகுதி அந்த 43 பதிவுகளில்தான் இருந்தது என்பதால், நினைக்கும்போதெல்லாம் மனம் இன்னும் கனக்கிறது. பழைய பிரிட்டிஷ் அச்சுப்படங்களைப் பட்டியலிடும் வேலைக்கு வரும் வேறு எவரும் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில் உள்ள சேகரிப்பில் ஓராண்டு ஒப்பந்தம். 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உருவப்பட வரைவுகளும் அரசியல் கேலிச்சித்திரங்களுமாக 612 தாள்கள். அவற்றில் ஒரு பகுதி பெட்டிகளில் தனித்தாள்களாகவும், மீதி இரண்டு தடித்த ஆல்பங்களில் ஒட்டப்பட்டும் இருந்தன. அளவெடுப்பது, படமெடுப்பது, எண்ணிடுவது ஆகியவை தடையின்றி முடிந்தன.

பிழை தொடங்கிய இடம் வெளியீட்டு வரி, அதாவது வெளியிட்டவரின் பெயரும் நாளும் அச்சாகியிருக்கும் வரி. ஓவியர் ஹோகார்த் முன்னின்று பெற்றுத்தந்த 1735ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளரின் பெயரையும் வெளியிட்ட நாளையும் படத்தை அச்சிடும் உலோகத் தகட்டிலேயே பொறிக்க வேண்டும் என்று விதித்தது. அதனால் ஓவியங்களைக் காட்டிலும் அச்சுப்படங்களுக்குக் காலம் குறிப்பது எளிது என்ற நம்பிக்கை நமக்குள் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரேயின் படமாக இருந்தால் பெரும்பாலும் அவருடைய பதிப்பாளர் ஹன்னா ஹம்ஃப்ரியின் பெயரும் அந்தப் பதிப்பாளரின் கடை முகவரியும் இருக்கும். 1797க்குப் பிற்பட்ட படங்களில் அது செயின்ட் ஜேம்ஸ் தெரு 27ஆம் எண். நாளும் மாதமும் ஆண்டும் கண்முன்னே தெளிவாக நிற்கும்போது யாருக்கும் ஐயம் எழுவதில்லை. எனக்கும் எழவில்லை. ஆனால் அந்த வரி படம் முதன்முதலில் வெளிவந்த நாளைச் சொல்கிறதே தவிர, நம் கையில் இருக்கும் தாள் அச்சான நாளைச் சொல்லவில்லை. தகடு கைமாறி ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி மை பூசி அச்சிட்டாலும் பழைய தேதி அப்படியேதான் வரும்.

முதல் உறுத்தலைத் தந்தது ஒரு தனித்தாள். கில்ரே 1797இல் வரைந்த ‘கவுண்ட் ரூப்பி’ அது. ஹைட் பார்க்கில் குதிரை மேல் அமர்ந்து செல்லும் பால் பென்ஃபீல்டைக் கேலி செய்வது. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துப் பெரும்பொருள் சேர்த்தவர், தஞ்சாவூர் வருவாயின் மீது தனக்குப் பாத்தியதை உண்டு என்று 1776இல் மதராஸ் ஆட்சியையே கலங்க வைத்தவர், 1785இல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் கடுமையாகச் சாடியவர் இந்த பென்ஃபீல்டுதான். எங்கள் ஊர் வயல்களின் விளைச்சல் எந்தச் சட்டைப்பைக்குள் போனதோ, அந்தச் சட்டைப்பைக்காரரை இவ்வளவு தொலைவில் ஒரு பெட்டிக்குள் சந்தித்தபோது எனக்குள் எழுந்த உணர்ச்சி சாதாரணமானதல்ல. அந்த ஈடுபாட்டில்தான் தாளை வழக்கத்தைவிட நிதானமாக, அடியிலிருந்து ஒளி வரும் ஒளிமேசையின் மேல் வைத்துப் பார்த்தேன். தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் நீர்க்குறியில், தாள் தயாரிப்பாளரான வாட்மன் என்ற பெயரும் 1818 என்ற ஆண்டும் தெரிந்தன. கில்ரே இறந்தது 1815இல். எனவே தாள் ஆலையிலிருந்து வெளிவந்தபோதே ஓவியர் உயிரோடு இல்லை. நான் பதிவில் எழுதியிருந்ததோ ‘1797’ மட்டும்.

அன்றே மற்றத் தனித்தாள்கள் அனைத்தையும் ஒளிமேசையில் பார்த்துத் திருத்திவிட்டேன். ஆல்பங்களில்தான் சிக்கல். அவற்றில் இருந்த கில்ரே படங்கள் கெட்டியான பக்கங்களில் முழுவதுமாக ஒட்டப்பட்டிருந்ததால் ஒளி ஊடுருவவில்லை. பின்புறத்தைப் பார்க்க வழியில்லை. மேல் விளிம்புகளும் படத்தின் கோடு வரை நெருக்கி வெட்டப்பட்டிருந்தன. அழகாக வண்ணம் தீட்டப்பட்டிருந்ததால், ஹம்ஃப்ரியின் கடையிலேயே வண்ணமிட்டு விற்றவை என்று முன்பே முடிவுகட்டி எழுதியிருந்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று லண்டனில் உள்ள வேறொரு சேகரிப்பின் பார்வை அறைக்கு மூன்று வாரம் முன்னதாக இடம் பதிந்து, விடியற்காலை ரயிலில் கிளம்பிப் போனேன். ஆறு படங்கள் கேட்டிருந்தேன். கேட்டபடி மேசைக்கு வந்தது ஒன்றுதான். மூன்று நகருக்கு வெளியே உள்ள கிடங்கில் இருந்தன, ஒன்று கண்காட்சிக்கு இரவல் போயிருந்தது, மற்றொன்று நான் தலைப்பை மட்டும் எழுதிக் கேட்டிருந்ததால் அதே தலைப்புள்ள பிற்கால நகலாக வந்து சேர்ந்தது. என் வருகையை உறுதிசெய்த கடிதத்தில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘இருக்கை உறுதி என்றுதான் எழுதினோம், படங்கள் உறுதி என்று எழுதவில்லை’ என்று பொறுப்பில் இருந்தவர் சொன்னபோது பதில் பேச முடியாமல் நின்றேன். ஆகவே இடம் பதிந்தவுடன், ஒவ்வொரு படத்தையும் அதன் அருங்காட்சியகப் பதிவெண்ணோடு தனித்தனியாகக் குறிப்பிட்டு, ‘இந்தத் தேதியில் இது கட்டடத்தில் இருக்கிறதா’ என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தலைப்பை மட்டும் நம்பவே கூடாது. ஒரே தலைப்பில் மூலமும், டப்ளினில் செதுக்கப்பட்ட நகலும், இடவலம் மாறிய திருட்டு நகலும் இருக்கக்கூடும்.

கடைசியில் விடை எங்கள் கட்டடத்திலேயே கிடைத்தது. பழைய தாள்களைச் செப்பனிடும் பாதுகாப்பு நிபுணரிடம் ஒரே ஒரு படத்தையாவது பக்கத்திலிருந்து பிரித்துத் தரும்படி மன்றாடினேன். ஈரப்பதம் கொடுத்து அவர் மெல்ல மெல்ல எடுத்துத் திருப்பியபோது, பின்புறத்தில் இன்னொரு கில்ரே படம் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி போன் என்ற பதிப்பாளர் எஞ்சியிருந்த கில்ரே தகடுகளிலிருந்து கெட்டித் தாள்களில் இருபுறமும் அச்சிட்டு வெளியிட்ட தொகுதியின் தாள்கள் அவை. அந்தப் பதிப்பில் வண்ணம் கிடையாது. தகட்டின் மேல் வலது மூலையில் வரிசை எண் இருக்கும். எங்கள் ஆல்பத்தைச் செய்தவர் எண்ணை வெட்டி நீக்கி, வண்ணம் தீட்டி, ஒரு புறத்தை ஒட்டி மறைத்திருந்தார். ஏமாற்றும் நோக்கமா, வெறும் பொழுதுபோக்கா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மேலும் நான்கு படங்களைப் பிரித்துச் சோதித்து, தாளின் தடிமனையும் மையின் வெளிறலையும் ஒப்பிட்டதில், மொத்தம் 43 படங்களின் பதிவு தவறு என்றானது.

படங்களை அடையாளம் காண நான் பயன்படுத்திய, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் தரும் பிரிட்டிஷ் மியூசியத்தின் கேலிச்சித்திர விவரப்பட்டியலை நான் குறை சொல்லவில்லை. 1870இல் ஃபிரெடரிக் ஜார்ஜ் ஸ்டீஃபன்ஸ் தொடங்கி, 1935 முதல் 1954 வரை டோரதி ஜார்ஜ் ஏழு தொகுதிகளாக எழுதி முடித்த அந்தப் பெரும்பணி இல்லாமல் இத்துறையில் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது. பெயரே இல்லாத ஒரு முகம் அக்கால அரசியல்வாதிகளான ஃபாக்ஸா, ஷெரிடனா, டண்டாஸா என்று அவர்தான் நமக்குச் சொல்லித் தருகிறார். 18ஆம் நூற்றாண்டுப் பிரதமர் பியூட் பிரபுவைக் குறிக்க அவருடைய பெயரின் ஒலியை வைத்து ஒரு பூட்ஸை வரைவார்கள் என்பதைப் போன்ற குறிப்புகளை அந்தத் தொகுதிகளில்தான் கற்றேன். என் தவறு, அந்தப் பட்டியலில் படத்தின் எண்ணைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்துவிட்டதாகக் கருதியது. அந்த எண் படத்துக்கு உரியது. நம் தாளுக்கு உரியதல்ல. இப்போது என் பதிவுகளில் தகட்டின் ஆண்டுக்கு ஒரு கட்டம், தாள் அச்சான காலத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது தெரியாவிட்டால் அதை வெறுமையாக விடுகிறேன்.

தேதி பற்றி இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் நாள். பிரதமர் ராபர்ட் வால்போலைப் பதவியிலிருந்து நீக்கக் கோரிய தீர்மானம் தோற்றது, இன்றைய கணக்கில் 1741 பிப்ரவரி. அவர் உண்மையிலேயே பதவி விலகியது 1742 பிப்ரவரி; பழைய கணக்கில் அது 1741 பிப்ரவரி. ‘1741 பிப்ரவரி’ என்று பொறிக்கப்பட்ட ஒரு படம் இந்த இரண்டில் எதைப் பற்றியது என்பதைப் படத்தின் உள்ளடக்கத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும், ஏனென்றால் ஜனவரியிலேயே ஆண்டைத் தொடங்கிக்கொண்டவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். நான் ஏழு படங்களில் இதைக் கவனிக்கத் தவறி, மூத்த சக ஊழியர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு திருத்தினேன்.

இனி வரைவுகள். இங்கே என்னை வாட்டியது காணாமற்போன ஓர் அட்டை. வரைவு, பென்சிலும் சுண்ணமும் கொண்டு வரைந்த ஒரு மருத்துவரின் உருவம். அது பொருத்தப்பட்டிருந்த பழைய அட்டையில் ‘அச்சுப்படத்தைப் பார்த்து வரைந்த நகல்’ என்று எழுதியிருந்தது. அந்த அட்டைக்கும் முந்தைய மூல அட்டை பல ஆண்டுகளுக்கு முன் புதிது மாற்றியபோது எறியப்பட்டுவிட்டது. அதில் ஏல எண்ணும் முந்தைய உரிமையாளரின் குறியும் இருந்திருக்கலாம். நன்கொடையாளர் கோப்பையாவது பார்க்கலாம் என்று ஆவணப் பிரிவில் கேட்டேன். முதலில் கோப்பு மூடப்பட்டது என்றார்கள்; பிறகு படிவம் வேண்டும் என்றார்கள்; படிவம் கொடுத்த பின் அது பழைய வடிவம், புதிதாக நிரப்புங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பதினொரு வாரம் கழித்து வந்த கோப்பில் இருந்தது ஒரே வரி: ‘ஒரு பெட்டி, பலவகைப் படங்கள்’. அந்தப் பதினொரு வாரமும் அந்தப் பதிவைத் தொடாமல் காத்திருந்தேன் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கோப்பு கைவிட்ட பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். வரைவைச் சாய்வான ஒளியில் வைத்தேன். முகத்தின் வெளிக்கோடு, மூக்கு, கழுத்துத்துணியின் மடிப்பு ஆகியவற்றின் மேல் கூர்முனை ஒன்றால் அழுத்திய மெல்லிய பள்ளங்கள் ஓடின. அட்டையோடு பிணைத்திருந்த தாள் கீலிலிருந்து தூக்கித் திருப்பியபோது பின்புறம் முழுக்கச் சிவப்புச் சுண்ணம் தேய்க்கப்பட்டிருந்தது. ஒரு வரைவைத் தகட்டுக்கு மாற்றுவதற்கு முன் தகட்டில் படம் செதுக்குபவர்கள் கையாண்ட முறை இது: பின்னால் சுண்ணம் தடவி, முன்னால் கோடுகளின் மேல் அழுத்திச் செல்வார்கள். வரைவில் மருத்துவர் இடப்பக்கம் நோக்குகிறார், அச்சுப்படத்தில் வலப்பக்கம். மேலங்கியின் பொத்தான்கள் வரைவில் ஆணின் உடைக்குரிய சரியான பக்கத்திலும் அச்சில் மாறியும் இருக்கின்றன. உருவத்தின் அளவும் இரண்டிலும் ஒன்றே. ஆக, இது அச்சைப் பார்த்து எடுத்த நகல் அன்று. அச்சு பிறந்ததே இதிலிருந்துதான்.

இரண்டு நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு ‘நகல்’ என்ற சொல்லை நீக்கி, ‘அச்சுப்படத்துக்கான தயாரிப்பு வரைவு’ என்று எழுதினேன். அந்த அறையில் நான் குரல் உயர்த்திச் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

43 பதிவுகளில் 31ஐத் திருத்தி மறுபடி ஏற்றிவிட்டேன். மீதிப் பன்னிரண்டும் இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன. பாதுகாப்பு நிபுணர் அடுத்த வாரம் அவற்றைப் பிரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பின்புறத்தைப் பார்க்கும்வரை அவற்றுக்கு எந்த ஆண்டையும் எழுதப்போவதில்லை.